எடைமேடைக்கு ஆள் இல்லை

அன்புள்ள நஜ்மா,

ஃபோனை நீ எடுக்காததால் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். இன்று மாலை உங்கள் ஊர் பழவேற்காட்டுக்குப் போகும் இர்பானா அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நம் ஆலையின் கம்ப்யூட்டர் பிரிவை வெளி நிறுவனத்துக்குக் கொடுத்து மூன்று மாதமாகிறது. இப்போது எது பழுதானாலும் சென்னைக்கு ஃபோன் செய்ய வேண்டும். குறை சொல்வதற்கில்லை. எந்நேரமும் எடுக்கிறார்கள், ஒவ்வொரு புகாருக்கும் ஒரு எண் தருகிறார்கள். நாம் இரண்டு பேரும் சாப்பிடப் போனால் கேட்க ஆள் இருந்ததில்லை.

ஒருத்தி போதும் என்று என்னை வைத்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் படித்து வேலைக்கு வந்தவள் நான் ஒருத்திதான். அதனால், உன்னை ஏன் வேலையை விட்டு அனுப்பினார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து எடைமேடைக் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது. லாரிகள் கேட் வரை நிற்கின்றன. எடை போடும் தணிகாசலம் அண்ணன் எல்லார் முன்னாலும் கத்தினார்.

"இன்னாம்மா, நம்பர் குடுத்தானுங்க, ஆளு குடுத்தானுங்களா? அந்த நஜ்மா பொண்ணு வந்து பாத்துக்கினு போச்சின்னா நாள் பூரா ஓடும்!"

அது நீ மட்டும் பார்த்துவந்தது. அந்த நிறுவனத்துக்கு நாம் எழுதிக்கொடுத்த குறிப்பேட்டில் அதற்கு ஒரு பக்கம்கூட இல்லை.

உன் எண்ணை மேனேஜரிடம் நான்தான் கொடுத்தேன். நாளைக் காலையில் கூப்பிடுவார். என் மேலுள்ள கோபத்தில் எடுக்காமல் இருந்துவிடாதே. எடுத்ததும் சரிசெய்யும் வழியைச் சொல்லிவிடாதே. நேரில் வந்து பார்த்தால்தான் தெரியும், வேலை கொடுத்தால்தான் வருவேன் என்று சொல்.

இப்படிக்கு,
உன் பக்கத்து நாற்காலிக்காரி