பட்டியை அடைத்து வைக்கவும்

அஞ்சுகிராமம்,
26 ஜூன் 1955

என் அன்பு மகள் பூங்கனிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் உன் அம்மாவும் நானும் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறோம், நீயும் அந்தப் பம்பாய் மழையில் நனையாமல் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். நீ அனுப்பின தைலத்தை அம்மா முழங்காலில் தேய்க்கிறாள், வலி குறைந்ததோ இல்லையோ, பிள்ளை அனுப்பினது என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் காட்டியாயிற்று. உன் மூன்று கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. நாலு பேர் செத்த செய்தியானாலும் அரை மணியில் எழுதிக் கொடுக்கிற கை, சொந்த மகளுக்கு இரண்டு மாதமாக ஒரு வரி எழுத மாட்டேன் என்று நின்றுவிட்டது. மூன்று கடிதத்திலும் உன் நாய் கறுப்பனைக் கேட்டிருக்கிறாய். அவன் உயிரோடுதான் இருக்கிறான், மற்றதைப் பின்னால் சொல்லுகிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே, ஒழுங்காக வாசி.

பங்குனியில் அறுப்பு முடிந்த சமயம் சர்க்கார் கச்சேரிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள், வழக்கம்போல மலையாளத்தில். பேப்பட்டித் தொல்லை கூடிவிட்டது, மூன்று நாள் ஊர்ப் புறம்போக்கில் விஷ மாமிசம் போடுவோம், வளர்க்கிற பட்டிகளை வெளியே விடாமல் அடைத்து வையுங்கள் என்று இருந்தது. அந்த வாரம் நான் எழுதுகிற பத்திரிகை முழுக்கத் தமிழ்ப் பகுதி மலையாள ராஜ்யத்தை விட்டுப் பிரிந்து தாய்த் தமிழகத்தோடு சேரவேண்டும் என்ற போராட்டச் செய்திதான், ஆசிரியர் குமாரதாஸ் எனக்கு மூன்று வரிதான் இடம் தந்தார். நானும் சுருக்கினேன். பங்குனி 15 முதல் மூன்று நாள் ஊர்ப் புறம்போக்கில் விஷம் வைக்கப்படும், அவரவர் பட்டியை அடைத்து வைக்கவும். இவ்வளவுதான் பூங்கனி மக்களே. நான் மேற்கே அருமனையில் பிறந்தவன், எனக்குத் தாய்ப்பாலோடு வந்த சொல்லில் பட்டி என்றால் நாய், பேப்பட்டி என்றால் வெறிநாய். இந்தக் கிழக்குப் பக்கத்தில் பட்டி என்றால் ஆடு அடைக்கிற வேலி. இது தெரியாதவனா நான்? நாம் இங்கே குடிவந்த வருஷம் எங்க வீட்டுப் பட்டி நல்லா கொரைக்கும் என்று நீ சொல்லி, வகுப்பு முழுக்கச் சிரித்து, நீ அழுதுகொண்டு வீட்டுக்கு ஓடிவந்தாயே. அன்றைக்கு உன் வாத்தியாரிடம் போய்ச் சண்டை போட்டவன் நான்தான். அந்த நானே எழுதினேன், எழுதிவிட்டு அச்சான பிரதியை இரண்டு தடவை வாசித்துப் பார்த்து, ஒரு பிழையும் இல்லை என்று திருப்திப்பட்டேன்.

நாராயணபெருமாளை உனக்கு நினைவிருக்கும், வருஷா வருஷம் அறுத்த வயலில் உரத்துக்காகக் கிடை போட ஆடு கொண்டு வருவாரே, உனக்குக் கறுப்பனைக் குட்டியாகத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து தந்தவர். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. தேவகனி டீக்கடையில் யாராவது வாசித்தால் உட்கார்ந்து கேட்பார், அதிலும் நான் எழுதினது என்றால் இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுவார். அந்த மூன்று வரியையும் அப்படித்தான் கேட்டிருக்கிறார். மேய்ச்சலில் ஏதோ விஷம் வைக்கப் போகிறார்கள், ஆடு வெளியே போகக்கூடாது என்று புரிந்துகொண்டு, மூன்று நாளும் பட்டியை இறுக்கி அடைத்து, புருஷனும் பெண்டாட்டியும் தலைச்சுமையாகக் குழை வெட்டிக் கொண்டுபோய் உள்ளே போட்டிருக்கிறார்கள். அவருடைய நாய்கள் மூன்றும் எப்போதும்போல வெளியே காவலுக்குக் கிடந்தன. மூன்றாம் நாள் காலையில் மூன்றும் வரப்பில் விறைத்துக் கிடந்தன.

அவைகள் மட்டுமில்லை. செத்த நாய்களைப் புதைக்க ஆளில்லாமல் கால்வாய்க் கரையில் இழுத்துப் போட்டார்கள், அதைத் தின்ற காக்கைகள் பனைமூட்டில் சிதறிக் கிடந்தன, கழுகுகள் பறக்க முடியாமல் வயலில் தத்தித் தத்தி நடந்து விழுந்தன. நம் பக்கத்தில் மாடு செத்தால் தோட்டத்து ஓரத்தில் போடுவார்கள், மறுநாள் எலும்புதான் மிஞ்சும். இப்போது சித்திரையில் செத்த மாடு ஆனியிலும் நாறுகிறது, வந்து தின்ன ஒரு கழுகு இல்லை. அந்தக் கால்வாய்த் தண்ணீரில்தான் கீழ்த்தெரு குளிக்கிறது. இதையெல்லாம் நான் பத்திரிகையில் பெரிதாக எழுதினேன், வாயில்லா ஜீவன் என்றும் சுற்றுப்புறம் என்றும் வார்த்தை வார்த்தையாய் அடுக்கினேன், நல்ல கட்டுரை என்று நாலைந்து பேர் கைகுலுக்கினார்கள். எழுத வேண்டிய ஒன்றை மட்டும் எழுதவில்லை.

அது என்னவென்றால், நாய்கள் செத்த மறுநாள் நாராயணபெருமாள் நம் வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் நின்றுகொண்டு, சாரே, பேப்பர்ல சொன்னபடி மூணு நாளும் பட்டிய அடச்சித்தான வச்சிருந்தேன், பெறவு ஏன் இப்பிடி ஆச்சு என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, விவரம் தெரிந்துகொள்ளக் கேட்டார். அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. கறுப்பன் அப்போது கொல்லையில் கட்டினபடி குரைத்துக்கொண்டிருந்தான், அவனை அந்த மூன்று நாளும் நான் சங்கிலி போட்டுக் கட்டித்தான் வைத்திருந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் அவரிடம், காலம் கெட்டுப்போச்சு பெருமாளே, யாரை என்ன சொல்ல என்றேன். அம்மாவிடம் சொல்லி ஒரு செம்பு மோர் கொடுக்கச் சொன்னேன். குடித்துவிட்டுப் போனார். எழுத்தில் செய்தது கைப்பிழை, அதை மன்னிக்கலாம். இது பயம். இந்த ஊரில் சார் எழுதினால் சரியாக இருக்கும் என்கிற அந்தப் பேச்சு போய்விடுமே என்ற பயம்.

அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், பேய்பிடித்த பிராணி ஊரில் திரிகிறது, அதற்காகத்தான் விஷம் என்றும் சொல்லியிருப்பேன். அவருக்கு அது தெரியாமலே போயிற்று. எட்டு நாள் கழித்துப் பட்டப்பகலில் ஒரு நரி நாயில்லாத பட்டிக்குள் புகுந்து குட்டியைக் கவ்வியிருக்கிறது. ஆளைக் கண்டால் ஓடுகிற நரி ஓடாமல் அவர் முழங்கையில் பாய்ந்து கடித்திருக்கிறது. அவர் கம்பால் அடித்துக் கொன்றுவிட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கிறார். நரி கடித்ததற்கு யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? வைகாசிக் கடைசியில் தண்ணீர்ச் செம்பைக் கண்டால் தொண்டை இறுகி நடுங்குகிறார் என்று நாகம்மை, அவர் பெண்டாட்டி, வந்து என்னைத்தான் கூப்பிட்டாள். நீ நர்ஸ், அதற்குமேல் உனக்கு விளக்க வேண்டாம். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். நினைவு இருந்தபோது என்னைப் பார்த்து, சாரே, நரிக்கும் பேய் பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்கும் என்றேன். அதுவும் பேப்பர்ல வருமா என்று கேட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் குமாரதாஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். மலையாள நோட்டீசுக்குத் தமிழன் பலி என்று தலைப்புப் போடலாம், முதல் பக்கம் தருகிறேன், இந்தச் சமயத்தில் இது நமக்குப் பெரிய ஆயுதம் என்றார். தமிழ்ப் பகுதி பிரிந்து போகவேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் வித்தியாசமில்லை, நானும் ஊர்வலம் போனவன்தான். ஆனால் நோட்டீசில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது ஓய், அந்த மலையாளம் அவரைக் கொல்லவில்லை, நான் எழுதின தமிழ்தான் கொன்றது என்றேன். திருத்தம் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தேன். இப்போ இதைப் போட்டால் எதிராளிக்கு வாயில் அவல் போட்ட மாதிரி, கிறுக்கா உமக்கு என்று மடித்து என் சட்டைப்பையிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனார். அதைப் பெரிய எழுத்தில் எழுதித் தேவகனி கடைச் சுவரில் நானே ஒட்டினேன். பத்திரிகைக்கு எழுதுவதை அன்றோடு நிறுத்தியாயிற்று. ஊரில் சிலர் மெச்சுகிறார்கள், சிலர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அது கிடக்கட்டும்.

சுவரில் ஒட்டினாலும் வாசிக்கத் தெரியாத நாகம்மைக்கு நான் சொல்லவேண்டியது பாக்கி இருந்தது. அவர் வாய் எச்சிலைத் துடைத்தவள் என்பதால் அவளுக்கும் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போடவேண்டும் என்றார் டாக்டர், தினமும் காலை பஸ்ஸில் நான்தான் கூட்டிப் போனேன். ஒவ்வொரு நாளும் சொல்லிவிடவேண்டும் என்று ஏறுவேன், சொல்லாமல் இறங்குவேன். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும்போது சொன்னேன். பட்டி என்று நான் எழுதினது நாயை, நீங்கள் அடைத்தது ஆட்டை, என் தப்பு என்றேன். அவள், அப்போ உம்ம வீட்டு நாயி அந்த மூணு நாளும் எங்க கெடந்து என்று கேட்டாள். கட்டிப் போட்டிருந்தேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் மக்களே? ஊசி போட்டு முடிந்து, பஸ் ஏறி, அஞ்சுகிராமத்தில் இறங்கினோம். இறங்கி நாலு எட்டு நடந்தவள் திரும்பி, நாளைக்கு அந்த நாய கொண்டுவந்து எம் பட்டியில கெட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் விடிந்ததும் நானே கொண்டுபோய்க் கட்டினேன். அம்மா வாசலில் நின்று அழுதாள், தடுக்கவில்லை. கறுப்பன் முதல் நாலு நாள் சோறு தொடவில்லையாம், இப்போது குட்டிகளோடு படுத்துக்கொள்கிறானாம். நான் அந்த வழியாகப் போனால் எழுந்து நின்று வாலாட்டுகிறான், நான் நிற்பதில்லை. ஆக, நம் வீட்டுப் பட்டி இப்போது நாகம்மையின் பட்டியில் கிடக்கிறது. உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன், அவன் உன் நாய், அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

ஆஸ்பத்திரியில் யாராவது எழுத்து வாசனை இல்லாதவர்கள் வந்து மருந்துக்குறிப்பை நீட்டினால், வாசித்துக் காட்டினதோடு விடாமல் அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேள். இரவு வேலை கூடுதலாக ஏற்றுக்கொள்ளாதே, எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. நீ தொடுகிற நோயாளிகளுக்கு ஆறுதலும் உன் கைக்குப் பலமும் ஆண்டவர் தரட்டும், அம்மாவும் உன் நெற்றிக்கு ஒரு முத்தம் எழுதச் சொன்னாள். இனிமேல் கறுப்பனைப் பற்றி எனக்கு எழுதாதே. நாகம்மை பேருக்கு எழுது, நான் போய் வாசித்துக் காட்டுகிறேன். நாய் என்றே எழுது மக்களே.

இப்படிக்கு,
உன் அப்பா
இஸ்ரவேல்