பன்னிரண்டு தப்படிக்கு இட்ட முத்திரை

மழை பொய்யாமலும் கோல் கோணாமலும் பொன்னாழி நாடு நெடிது வாழ்க. ஏழு துறைகளுக்கும் இறைவரும், வென்ற யானைகளைக் குளம் வெட்டும் பணிக்கு அனுப்பியவரும், உப்புச் சந்தையில் வளர்ந்த ஒருவனை நம்பி ஓர் ஊரையே ஒப்படைத்தவருமான திருவாழி நெடுமுடியரையர் திருச்சமுகத்துக்கு, எல்லைக் கோட்டைக்கு வெளியே தென்புறத்தில் வளர்ந்த மதிற்புறப் பேட்டையின் அதிகாரி சேந்தன் தாயன் தண்டனிட்டு எழுதிய ஓலை.

அடியேனின் ஓலை வந்தால் அவையோரை அமர்த்தி, உரக்கப் படிக்கச் சொல்லிச் சிரிப்பது தேவரீர் வழக்கம். இதைத் தனியே படித்தருள வேண்டுகிறேன்.

அடியேனின் ஒரே மகள் நறுங்கோதை பதினெட்டு நாட்களுக்கு முன் வாந்திபேதியால் இறந்தாள். வீட்டில் புதிதாக வெட்டிய கழிவுக்குழியின் ஊறல் கிணற்றில் இறங்கியதே காரணம் என்று அரண்மனை மருத்துவர் கண்டு உரைத்தார். தேவரீர் சினந்து, குழி வெட்டிய நக்கனைச் சிறையிலிட்டு, வரும் பௌர்ணமியன்று அவனது வலக்கையைத் துணிக்க ஆணையிட்டீர். அது அடியேனின் துயருக்கு ஆறுதலாகட்டும் என்று ஒரு வரியும் சேர்த்தருளினீர். பெருமானே, அந்தக் கை குற்றமற்றது. குற்றம் செய்த கை இப்போது எழுத்தாணி பிடித்திருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இருந்தது பழைய ஒற்றைக் குழி. ஆறு பேருக்கு வெட்டியது. அடியேன் அதிகாரியான பின் விருந்தினரும் பணியாளரும் பெருகி, சென்ற ஐப்பசி மழையில் அது வாய் பிளந்து, அழையா விருந்தாளியாகக் கூடம் வரை வந்து நின்றது. மகளுக்கு மாசியில் திருமணம் குறித்திருந்தோம். சம்பந்தி வீட்டார் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் அட்சதை போடுவதா என்று அஞ்சி, குழிவேலையில் பேர்பெற்ற நக்கனை வரவழைத்தேன்.

அவன் தோட்டத்து மண்ணில் சாண் அளவு குழி பறித்து, ஒரு குடம் நீரை ஊற்றிவிட்டு, அருகில் குந்தி வெற்றிலை போட்டான். வெற்றிலை சிவக்குமுன் நீர் வற்றிற்று. "மணல் பூமிங்க, மடக்கு மடக்குனு குடிக்குது. தெளிய ஒண்ணு, ஊற ஒண்ணு, ரெட்டைக் குழி வேணும், உள்ளே சுட்ட மண் உறை இறக்கணும், கிணத்துக்கும் குழிக்கும் நடுவே முப்பது தப்படி விடணும்" என்று விண்ணப்பித்தான். முப்பதாவது தப்படி, திருமணத்துக்கென்று அடியேன் தூண் நாட்டிய புதுக் கொட்டகைக்குள் போய் விழுந்தது. பன்னிரண்டில் வெட்டு என்றேன். அதற்கு அவன், "ஐயா, கூலியில கை வைங்க, தப்படியில கை வைக்காதீங்க" என்றான்.

சந்தையில் வளர்ந்தவனுக்கு ஒரு நோய் உண்டு. எந்த எண்ணைக் கேட்டாலும் அதைக் குறைத்தால்தான் சோறு இறங்கும். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் கைமேல் போட்டு, உள்ளே விரல் பிடித்தேன். எங்கள் சந்தையில் பேரம் வாயால் பேசப்படுவதில்லை. துண்டின் மறைவில் விரல்களே எண்ணைச் சொல்லும். எதிராளி மறு எண் சொல்லாமல் கையை உருவிக்கொண்டால், பேரம் படிந்தது என்று பொருள். பன்னிரண்டுக்கு உரிய விரல்களைப் பிடித்தேன். நக்கன் ஒன்றும் சொல்லாமல் கையை உருவிக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் ஏற்றி நடந்துவிட்டான். படிந்தது என்று அடியேன் மகிழ்ந்தேன். பார்த்துக்கொண்டிருந்த நறுங்கோதை, "அப்பா, எமன் வந்தாக்கூட நீங்க துண்டை விரிச்சு நாலு வருசம் கேப்பீங்க" என்று கேலி செய்தாள். நாற்பதில் தொடங்குவேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் அரசிறை செலுத்தத் தலைநகர் புறப்படுகையில், பன்னிரண்டு தப்படி என்று ஓலை எழுதி முத்திரை இட்டுக் கணக்கனிடம் கொடுத்துச் சென்றேன். நக்கன் வந்து முப்பது என்றே மன்றாடினானாம். கணக்கன் முத்திரையைக் காட்ட, அதற்கு மேல் தனக்கு வாய் ஏது என்று சொல்லி வெட்டினானாம். உறை ஒன்றும் கோணவில்லை. வேலையில் ஒரு பழுதில்லை. இடம் மட்டுமே பழுது, அதைக் கொடுத்தவன் அடியேன். தப்படி என்ற சொல்லின் முன்னே தப்பு நிற்பதை, இத்தனை ஆண்டு எழுதியும் கவனியாதிருந்தேன்.

விசாரணையில் நக்கன் முப்பது சொன்னதாக முறையிட, அவையோர் அடியேனைக் கேட்டனர். பன்னிரண்டுக்கு அவன் இசைந்தான் என்றேன். சந்தை முறைப்படி அது பொய்யன்று என்று நெஞ்சுக்குச் சொல்லிக்கொண்டேன். நெஞ்சும் விலை படிந்ததுபோல் வாய்மூடிக் கிடந்தது.

நேற்று அந்தத் துண்டை எடுத்து மடித்தேன், பெருமானே. மகள் இறந்த உச்சிப்பொழுதில், நா வறண்டு பேச இயலாமல், அவள் கண்ணால் கேட்டது அத்துண்டைத்தான். அதன் கீழ் என் கையைத் தேடி, ஒரு விரலை மட்டும் பிடித்தாள். ஒன்று. ஒரு நாளைக் கேட்டாளோ, ஒரு வாய் நீரைக் கேட்டாளோ, கடைசியாக ஒரு முறை கேலிதான் செய்தாளோ, அறியேன். ஐந்து விரல்களையும் கொடுத்தேன். கேட்டதற்கு மேல் நான் கொடுத்த பேரம் வாழ்நாளில் அது ஒன்றே. சற்றுப் பொறுத்து அவள் கை என் கையிலிருந்து உருவிக்கொண்டது.

சந்தை முறைப்படி அதுவும் படிந்த பேரம். நான் இசையவில்லையே! அவளும் இசைந்திருக்க மாட்டாள். துண்டை மடித்த அக்கணத்தில்தான் நக்கனின் கை நினைவுக்கு வந்தது. அவன் சந்தை அறியாதவன். மாட்டேன் என்று சொல்ல அஞ்சிக் கையை எடுத்துக்கொண்டவன்.

ஆகையால் வேண்டுவது: நக்கனை இரு கைகளோடும் விடுவித்தருள்க. பொய் உரைத்த அடியேனுக்குத் தேவரீர் விதிக்கும் தண்டனை எதுவாயினும், அதில் ஒரு நாளையும் ஒரு விரலையும் குறைக்கக் கேளேன். பௌர்ணமிக்கு இன்னும் மூன்று நாள் உண்டு. இவ்வோலை வரும் குதிரைக்கு இரண்டு போதும்.

பதவி நீங்குமுன் பேட்டைக்கு அடியேன் இட்ட கடைசிக் கட்டளை இது: எவர் வீட்டிலும் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே முப்பது தப்படி விடுக, குழிவெட்டி சொன்ன எண்ணின்மேல் எவரும் துண்டு போடாதிருக்க. நஞ்சூறிய குழியைத் தூர்த்துவிட்டோம், கிணற்றையும் மூடிவிட்டோம். தோட்டத்து மறுமூலையில் புதுக் கிணறு தோண்டியாயிற்று. அங்கிருந்து முப்பது தப்படியை இன்று காலை நானே நடந்து அளந்தேன். இம்முறையும் அது கொட்டகைக்குள்தான் போய் நின்றது. மணவறைக்கென்று மெழுகி, அவள் கோலம் போட்டுப் பார்த்த இடத்தில். தூண்களைப் பிடுங்கிவிட்டேன். நக்கன் மனம் இரங்கினால், அவன் கையாலேயே அங்கு வெட்டட்டும்.

தைத் திங்கள் வளர்பிறைப் பன்னிரண்டாம் நாள், சேந்தன் தாயன் எழுத்து. பன்னிரண்டு தப்படி என்ற ஓலையில் அழுந்திய அதே முத்திரை இதன் அடியிலும் அழுந்தியது. இனி அது எவர் பேச்சையும் அடைக்காதிருக்க, முத்திரை மோதிரத்தை இவ்வோலையோடு கட்டி அனுப்புகிறேன். கொண்டருள்க.