வேலைநிறுத்தத்துக்கு வைத்த அரிசி

1959 ஏப்ரல் 19, ஞாயிறு
என்னைப் பிடித்துச் சங்கத் தலைவராகப் போட்டார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆள் மூக்கனைத் தோட்டத்துத் துரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். திரும்ப எடுக்காவிட்டால் வேலைநிறுத்தம். இறங்கினால் தோட்டத்தில் அரிசி போடமாட்டார்கள். போன தடவை பிள்ளைகளின் பசியைத் தாங்காமல்தான் தோற்றோம். ஆகவே இந்தத் தடவை முன்கூட்டியே சேர்ப்பது என்று முடிவு. வீட்டுக்கு வாரம் ஒரு சுண்டு அரிசி, முடிந்தவர்கள் கருவாடு, வற்றல். கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கினார்கள். கொண்டுவந்தது பாதிப் பேர்.

ஏப்ரல் 26
எங்கே வைப்பது? நாங்கள் குடியிருக்கிற லயத்துக் காம்பராவில் கால் நீட்டவே இடமில்லை. தொழிற்சாலையில் கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கினோம். உள்ளே ஈயத்தாள் இருப்பதால் ஈரம் ஏறாது. கோயில் சாமான் அறையில் அடுக்கினோம். கருவாட்டைப் பார்த்ததும் பூசாரி குதித்தார்.
"மாரியாத்தா மூக்கப் பொத்திக்கிட்டா இருப்பா?"
கொழுந்தெடுக்கும் பெண்களுக்காகப் பேசுகிற காளியாயி விடவில்லை. "கெடா வெட்டுறப்ப மட்டும் மணக்குதுங்களா, பூசாரியாரே?"
அவர் போய்விட்டார். கருவாடு இருக்கிறது.

மே 10
வெயில் எங்கே? எந்நேரமும் பனிமூட்டம். கத்தரி வற்றல் பூசணம் பிடித்துவிட்டது. அடுப்புக்கு மேலே சாக்குக் கட்டிப் புகையில் காயவையுங்கள் என்று தொண்டை கிழியச் சொன்னேன். யார் கேட்கிறார்கள்? அரிசியிலும் வண்டு.

மே 11
புடைத்தோம். முதுகு போய்விட்டது.

மே 24
தோட்டத்தின் கீழ்ப்பிரிவு, கீழ்க்கணக்கு ஆட்கள் வேறு சங்கம். அங்கே தலைவர் என் மனைவி பேச்சியம்மாவின் அண்ணன் பழனியாண்டி. இன்று வழியில் நிறுத்திச் சிரிக்கிறார்.
"என்ன மாப்ள, எலி மாதிரி சேத்து வைக்கிறீங்களாமே? நாங்க காலையில பெரட்டுக்குப் போயி பேர் குடுப்போம், வேல செய்வோம். எங்களுக்கு அரிசி வரும்."
வீட்டில் சொன்னேன். "அண்ணன் வெளயாட்டுக்குச் சொல்லியிருக்கும்" என்கிறாள். வெளயாட்டாம்!

ஜூன் 14
மழை. மழை. கோயில் அறை ஒழுகுகிறது.

ஜூன் 17
கீழ்க்கணக்குப் பாதையில் மண் சரிந்துவிட்டது. அங்கே லயங்களுக்குள் சேறு. ஆட்கள் தப்பிவிட்டார்கள், அரிசி சாமான் எல்லாம் போயிற்று. லிந்துலை டவுனிலிருந்து அரிசி லொறி வர வழியில்லை. பேச்சி அழுதபடி இருக்கிறாள்.
அவசரமாகக் கூடினோம். ஒரே சத்தம். "வயித்தக் கட்டிச் சேத்தது. கருங்காலிகளுக்கா குடுக்கிறது?" என்றான் ஒருவன். எனக்கும் வாயில் அதுதான் வந்தது. கொடுத்துவிட்டால் நாளைக்கு எங்கள் பிள்ளைகளுக்கு என்ன இருக்கு? நான்தானே பதில் சொல்லணும்?
காளியாயி எழுந்துவந்து கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க தலைவரே. நீங்க இருந்து பேசிட்டு வாங்க."
கொடுத்தேன். பேச ஒருவரும் மிஞ்சவில்லை. எல்லாரும் அவள் பின்னால் போய்விட்டார்கள்.

ஜூன் 18
கயிறு கட்டிக்கொண்டு, தலைச்சுமையாகச் சரிவைச் சுற்றி இறங்கினோம். மச்சான் முழங்கால் சேற்றில் நின்றிருந்தார். நல்லதாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மூட்டைக்குள் கையை விட்டு அளைந்து பார்த்துவிட்டு, "அரிசியில கல்லு கெடக்கே மாப்ள" என்கிறார். மூட்டையை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். அதற்குள் அந்தக் கையாலேயே பிள்ளைகளுக்கு அள்ளிப் போடத் தொடங்கிவிட்டார். சும்மா வந்துவிட்டேன்.

ஜூன் 28
பெட்டிகள் காலி. இந்த நேரம் பார்த்து, மூக்கனை எடுக்கவே முடியாது என்று துரை சொல்லிவிட்டார். நாளைக்கு இறங்கச் சொல்லிச் சங்கத் தலைமையின் உத்தரவு. எதைத் தின்று இறங்குவது? மேலே இருக்கிறவங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவாங்க.

ஜூன் 29
காலையில் பெரட்டுக்குக் கூப்பிட்டுத் தப்படித்தார்கள். பெரட்டுக் களத்துக்கு ஒருவரும் போகவில்லை. கீழ்க்கணக்கிலிருந்தும் போகவில்லை.
கொஞ்ச நேரத்தில் மச்சான் ஆட்களோடு ஏறி வந்தார். அவர்களுடைய மேட்டுப் பாத்தியில் சேற்றுக்குத் தப்பிய உருளைக்கிழங்கு, மூட்டை மூட்டையாகக் கோயில் வாசலில் இறங்கியது.
"எங்க வைக்க?" என்றார்.
"அப்படியே வச்சா அழுகிரும். சீவி, அவிச்சு, புகையில காயவைக்கணும். மெல்லிசா சீவணும்."
"கத்தியக் குடுங்க மாப்ள."
உட்கார்ந்துவிட்டார். தடிதடியாகச் சீவுகிறார். சொன்னாலும் கேட்கிறாரில்லை. அது எப்படிக் காயும்?