கட்டுப் போட்டது நான்தான்

மடுகரை,
மே 27

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் அண்ணன் அன்புராஜுக்கு,

தங்கை சுவேதா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. என் போன் உடைந்து கடையில் கிடக்கிறது. அப்பாவின் போன் அவர் சட்டைப் பையை விட்டு வருவதில்லை. எதிர்வீட்டு பிரிட்டோ அண்ணன் போனில் இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டேன். நீ ஹலோ சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்து, கட் செய்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். அவர் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவார்.

அடுத்த வருஷம் எங்களுக்கு மெடிக்கல் சர்ஜிக்கல் நர்சிங், பெரிய பேப்பர். லீவிலேயே புத்தகத்தைப் படித்துவிட்டு, தெரிந்த நோயாளி ஒருவருக்கு என்ன செய்கிறோம், என்ன பலன் எதிர்பார்க்கிறோம் என்று நோட்டில் எழுதி வரச் சொன்னார்கள் மேடம். ஆள் தேட வேண்டிய வேலையே இல்லை. கரும்பு வெட்டின இடத்தில் அடிக்கட்டை குத்தி, குத்தினதே தெரியாமல் அப்பா வீட்டுக்கு வந்தார். சர்க்கரைக்காரர்களுக்குக் கால் மரத்துப்போகும் என்று அப்போதுதான் படித்திருந்தேன். நோயாளி பெயர் இருசப்பன், வயது ஐம்பத்தாறு என்று எழுதினேன். நானே கட்டுப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம் அண்ணா.

அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காலைக் காட்டி, "எம் பொண்ணு போட்ட கட்டு, பாரு" என்கிறார். சுகாதார நிலையத்து அக்கா வந்து கூப்பிட்டதற்கு, "வூட்லயே நர்சு இருக்கும்போது நான் இன்னாத்துக்கு அங்க வரணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வீரப்பன் பெரியப்பா ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு காலோடு திரும்பியதிலிருந்து அவருக்கு உதறல். பெரியப்பா புண்ணை முற்றவிட்டுத்தான் போனார் என்பதைக் காதிலேயே வாங்குவதில்லை. அந்தப் பயத்துக்கு நான் ஒரு சாக்கு.

ஞாயிற்றுக்கிழமை கட்டைப் பிரித்தபோது நாற்றம். ஒரு விரல் கறுத்துவிட்டது. முந்தாநாளிலிருந்து காய்ச்சல். சிவப்பு கணுக்காலைத் தாண்டி ஏறுகிறது. வீட்டில் வைத்து இதற்குச் செய்ய என் புத்தகத்தில் ஒன்றுமே இல்லை. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் கால் போகும், இன்னும் தாமதித்தால் அப்பாவே போய்விடுவார். நோட்டில் 'எதிர்பார்க்கும் பலன்' என்ற கட்டம் காலியாக இருக்கிறது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஒன்றும் தெரியாதுப்பா, ஆஸ்பத்திரிக்கு வா என்று கெஞ்சினேன். "படிச்ச புள்ளைங்க இப்டித்தான் அடக்கமா பேசும்" என்று சிரித்து, காலைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

அவர் நம்புவது உன்னையும் என்னையும்தான். என் மேலுள்ள நம்பிக்கையை நீதான் உடைக்க வேண்டும். நேற்று ரிசல்ட் வந்தது அண்ணா. எல்லாப் பேப்பரும் பாஸ், வகுப்பில் இரண்டாவது. அப்பாவிடம் சொல்லவில்லை. நீ இப்போதே போன் போட்டு, நான் பெயில் என்று சொல். ஒரு பேப்பர் இல்லை, எல்லாமே. காலேஜிலிருந்து உனக்குத் தகவல் வந்ததாகச் சொல். கட்டுப் போடக்கூடத் தெரியாத கழுதையிடம் காலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாயே என்று கத்து. அவர் மனசு உடைந்துபோவார். ஊரார் முன்னால் தலை குனிவார். குனியட்டும். பிரிட்டோ அண்ணன் ஆட்டோவை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்.

நீ நன்றாக இருப்பாய். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இன்றைக்கு என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லிவிடாதே.

உன் தங்கை
சுவேதா