உரல் நிரம்பக் கேட்ட மழை

விக்கிரம வருஷம், கார்த்திகை, செவ்வாய் இரவு.

வங்கக் கடலில் புயல் என்று இன்று பத்திரிகையில் போட்டிருந்தது. மாமனாரும் நானும் வழக்கம்போல் முற்றத்து உரலைக் கழுவி வைத்தோம். மழையை அதில்தான் அளப்போம். இரண்டு பேருக்கும் அது ஒரு பைத்தியம்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய புயலில் உரல் நிரம்பி வழிந்தது. ரயில் பாதையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதால், ரங்கூனுக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் ஸ்டேஷனிலிருந்து நனைந்துகொண்டே திரும்பி வந்தார். கூட ஒரு வாரம் இருந்தார். அதிலிருந்து புயல் என்றாலே எனக்கு மனசு துள்ளும்.

சாயங்காலம் வாடை வேகமாக அடித்தது.

"மாமா, இந்தத் தடவையும் உரல் நெறைஞ்சிரும், பாருங்க" என்றேன்.

அப்போதுதான் தந்தி வந்தது. அடுத்த மாதம் ரங்கூனிலிருந்து வருவதாக இருந்த என் வீட்டுக்காரர் முன்னாலேயே கப்பலேறிவிட்டாராம்.

மாமனார் தந்தியை மடித்தார். ஒரு பலகையை எடுத்துவந்து உரலை மூடினார்.

"இந்தத் தடவை நெறைய வேணாம் ஆத்தா. புள்ள கடல்ல இருக்கான்."

இருவருக்கும் சோறு இறங்கவில்லை.

இப்போது பலகையின் மேல் மழை விழும் சத்தம் கேட்கிறது. மூன்று வருஷமாக இந்தச் சத்தத்துக்குத்தான் ஏங்கிக் கிடந்தேன்.