முதல் அடுக்கு

ஜூன் 3

இன்று பெட்டியில் பதினொரு தபால். சோபா விற்பவன், பல் கட்டுபவன், ஜன்னலுக்குத் திரை போடுபவன். ஒன்றையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஊர்வாரியாகத் தபால் பிரிக்கும் கூடத்தில் முப்பத்தொரு வருடம் நின்றவன் நான். உறையைத் தொட்டாலே விஷயமா விளம்பரமா என்று விரல் சொல்லிவிடும்.

முன்பெல்லாம் நேரே குப்பைக்குப் போகும். இப்போது என் மனைவிக்கு வேண்டும். பக்கவாதம் வந்து ஏழு வாரம். வலது கையும் பேச்சும் எழுத்தும் போய்விட்டன. "காகிதம் கிழிக்கச் சொல்லுங்க சார், அதைவிட நல்ல பயிற்சி இல்ல" என்றாள் வீட்டுக்கு வரும் பிசியோதெரபி பெண். காகிதத்துக்கா பஞ்சம் இந்த வீட்டில்!

ஜூன் 6

அவள் தையல்காரி. காகிதமும் அவளுக்குத் துணிதான். உறைகளை உள்வெளியாகத் திருப்பி மறுபடி ஒட்ட வைத்தாள். உட்பக்கத்து நீலக் கட்டங்கள் வெளியே வந்து, புத்தம்புது உறைகளாகிவிட்டன. வழவழப்பான பட்டியல் புத்தகங்கள் அலமாரித் தட்டுகளுக்கு விரிப்பு. மிச்சத்தைச் சுருட்டிச் சின்னக் குவளைகளாக்கி மண் நிரப்பித் தக்காளி விதை போட்டிருக்கிறேன்.

எங்கே மடிக்க வேண்டுமென்று இடது கையால் காட்டுகிறாள், நான் மடிக்கிறேன். கோணலாகப் போனால் ஒரு முறைப்பு. பேச்சு போனாலும் அது மட்டும் குறையவில்லை.

ஜூன் 9

ஆஸ்பத்திரி. கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பாம். அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் இன்னொரு முறை வரும், வந்தால் இதைவிட மோசமாக இருக்கும் என்றார் மருத்துவர். தேதி தபாலில் வருமாம்.

மகள் போனில், "எதுக்கும் நீங்க ஒரு தடவை கூப்பிட்டுக் கேளுங்கப்பா" என்றாள்.

"தபால்ல வரும்னா வரும். எனக்கே தபால் பத்திப் பாடம் எடுக்கறியா?"

ஆஸ்பத்திரி உறை எனக்குத் தெரியாதா? பழுப்பு, நீளம், இடது மூலையில் சிவப்பு முத்திரை. எத்தனை ஆயிரம் பிரித்திருப்பேன்.

ஜூன் 17

பழுப்பு உறை வரவில்லை.

ஜூன் 19

எழுதாமல் இருக்க முடியவில்லை. வலது கை பிடித்தது!

காகிதக் கிண்ணம் செய்யலாமென்று உட்கார்ந்தோம். எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து எண்ணெய் தடவி, அதன்மேல் கஞ்சிப் பசையில் தோய்த்த துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். காலைத் தபாலை அப்படியே அவள் மடியில் போட்டேன். ஒரு வெள்ளை உறையை, மெல்லிசு, ஜன்னல் வைத்தது, கிழித்து உள்ளே இருந்ததை உருவினாள். திடீரென்று இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். ஆமாம், இரண்டு கையாலும்! நான் இழுக்கிறேன், விடமாட்டேன் என்கிறாள். "விடாத, விடாத, அப்படித்தான், இன்னும் இறுக்கு!" என்று கத்தினேன். கயிறு இழுக்கும் போட்டி மாதிரி இழுத்து, கடைசியில் நான்தான் ஜெயித்தேன். கசங்கியதை நானே கிழித்துப் பசையில் போட்டு முதல் அடுக்கை ஒட்டினேன்.

அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சந்தோஷம் இந்த வீட்டுக்குள் வந்து எத்தனை நாளாயிற்று.

ஜூன் 25

விடாத மழை. கிண்ணம் காயவில்லை. அச்சிலிருந்து எடுக்கவில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். சாப்பாடு பாதிதான் இறங்குகிறது. என்னவென்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஜூலை 2

மறுபடியும் வந்துவிட்டது. காலையில், பல் தேய்த்துவிடும்போது.

ஜூலை 5

கண் மட்டும் அசைகிறது. வேறு எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் இருந்தவர் திரையைப் பார்த்து, "ஜூன் முப்பதாம் தேதி ஆபரேஷனுக்குக் கூப்பிட்டிருந்தோமே, ஏன் வரல?" என்றார். மகள் பிடித்துக்கொண்டாள். "லெட்டரே வரல! எங்கப்பா தபால்ல இருந்தவர். வந்திருந்தா அவருக்குத் தெரியாம போயிருக்குமா?"

நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

ஜூலை 8

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கிண்ணம் காய்ந்திருந்தது. தட்டியதும் கழன்று வந்துவிட்டது.

உள்பக்கம் அவள் பெயரில் பாதி. அதற்குக் கீழே "ரத்தக்குழாய் அறு". இன்னொரு துண்டில் "30, காலை 7 மணி".

வெள்ளை உறை. மொத்தமாக அச்சடித்து அனுப்புகிறவர்களிடம் கொடுத்துவிட்டார்கள் போல. சோபாக்காரனும் ஆஸ்பத்திரியும் ஒரே உறை. எனக்கு என்ன தெரியும் — இல்லை, பிரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். பிரிச்சா என்ன குறைஞ்சு போயிருப்பேன்?

அவ படிச்சுட்டா. படிச்சுட்டுத்தான் பிடிச்சா. செத்த கைக்கு அன்னைக்கு உயிர் வந்தது அதுக்குத்தான். நான் பிடுங்கிட்டேன். பிடுங்கிட்டு, சந்தோஷத்துல அழறான்னு எழுதி வச்சிருக்கேன். பதிமூணு நாள் அவளுக்குத் தெரியும். சொல்ல வாயில்லை.

ஜூலை 9

சொல்லவில்லை. மகள் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். கவுண்ட்டர்காரரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். "விடமாட்டேன்பா" என்கிறாள்.

ஜூலை 11

கிண்ணத்தை எடுத்துப்போய் மகள் மடியில் வைத்தேன். உள்ளே பார் என்று காட்டினேன். படித்தாள். திருப்பித் திருப்பிப் படித்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குத்தான் முதல்ல தெரியும்."

எழுந்து போய்ப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள். அதன்பிறகு என்னிடம் பேசவில்லை.

ஜூலை 30

தக்காளிச் செடி பூத்திருக்கிறது. பிடுங்கிப் போடலாமென்று போனேன். கை வரவில்லை.

ஆகஸ்ட் 20

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம். ஒரு முறை கண் சிமிட்டினால் சரி, இரண்டு முறை சிமிட்டினால் வேண்டாம். பிசியோதெரபி பெண் சொல்லிக்கொடுத்தாள்.

இன்று ஒன்பது தபால். கட்டிலருகே நாற்காலி போட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து, முதல் எழுத்திலிருந்து கடைசி முகவரி வரை அவளுக்குப் படிக்கிறேன். "குப்பையில போடுங்கப்பா" என்றாள் மகள். மறுபடி என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டாள், அளவாக.

முதல் எட்டுக்கும் ஒவ்வொன்றாகக் கேட்டேன். "கிழிக்கட்டுமா?" ஒரு சிமிட்டல். கிழித்தேன். ஒன்பதாவது சோபாக்காரனுடையது. மூன்று பேர் உட்காருவது, இரண்டு நிறத்தில் கிடைக்கும், வீட்டுக்கே கொண்டுவந்து போடுவார்கள்.

"கிழிக்கட்டுமா?"

இரண்டு முறை சிமிட்டினாள்.

சோபாவை வைத்து என்ன செய்யப்போகிறாள்? கேட்கவில்லை. நான்காக மடித்து அவள் வலது கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினேன்.