சன்னலடி அரிசிப் பானை

சான் பிரான்சிஸ்கோ, 1931

அன்புள்ள யுக்லானுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு இருமல் தணிந்ததா? குழந்தை நடக்கிறானா?

கப்பலில் வருபவர்களை விசாரிக்கும் தீவில் என்னை அடைத்து வைத்திருந்த அதிகாரிகள் இரண்டு மாதம் கழித்து விட்டுவிட்டார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. சீனக் கூலிகளுக்கு இந்த நாடு கதவை அடைத்து ஐம்பது வருடமாகிறது. குடியுரிமை உள்ளவரின் மகன் என்றால்தான் திறக்கிறது. இங்கே குடியுரிமை உள்ள மளிகைக்கடை லியூங் குவாயின் மகனாக நடிக்க, அவர் எழுதி அனுப்பிய புத்தகத்திலிருந்து ஊரிலுள்ள அவர் வீட்டுப் படி, கிணறு, கோழிக்கூடு எல்லாவற்றையும் கப்பலிலேயே உருப்போட்டேன்.

மூன்றாம் நாள் விசாரணையில் அசந்துவிட்டேன்.

"வீட்டுல அரிசிப் பானை எங்க இருக்கு?" என்றார் அதிகாரி.

"அடுப்புக்கு இடப்பக்கம், சன்னலுக்குக் கீழ."

சொன்ன பிறகுதான் உறைத்தது, அது நம் வீடு.

தீவின் சமையற்காரர் நம் ஊர்க்காரர். நான் சொன்ன பதிலைச் சீட்டில் எழுதி அவர் மூலம் லியூங்கின் கடைக்கு அனுப்பினேன். சாட்சிக்கு வந்த லியூங் குவாயும் அதையே சொன்னார். நான் வெளியே வந்ததும் அவருக்கு ஒரே சிரிப்பு.

"என் வீட்டைப் படிச்சிட்டு வாடான்னா, உன் பொண்டாட்டி சமையக்கட்டை ஒப்பிச்சிட்டு வந்திருக்கியே!"

துணிச் செருப்பு ஒரு ஜோடியும் உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் அனுப்பு. உறையில் இங்குள்ள என் காகிதப் பெயரான லியூங் சாம் என்றே எழுது.

சன்னல் ஒழுகுகிறது, பானையை நகர்த்தட்டுமா என்று கிளம்பும்போது கேட்டாயே, நகர்த்தாதே. பாயைப் போட்டு மூடிக்கொள். நாளை நம் மகனும் லியூங்கின் பேரனாக வந்து இதே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். என்னைப் பற்றி இவர்கள் எழுதி வைத்திருப்பதில் உண்மையும் அந்தப் பானை ஒன்றுதான்.

கடிதம் கொண்டுவருபவர் கிளம்புகிறார். கீழே என் சொந்தப் பெயர் இருக்கிறது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

மான்ஹோய்